"இவன் காரியம் என்ன?" – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களை மொத்தமாக வைத்துப் படித்தேன். எல்லாரும் பாவத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அண்ணன், நண்பன், பக்கத்து சபைக்காரர் என்று யாராவது ஒருவர். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நான் யாரையும் ஏமாற்றியதில்லை. குடிப்பழக்கம் இல்லை, கடன் வைத்ததில்லை, குடும்பத்துக்கு உண்மையாக இருந்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு ஆராதனையிலும் பாவ அறிக்கை சொல்லும்போது "நான் பாவி" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பொய் சொல்வதுபோல் உறுத்துகிறது. பெருமைக்காக எழுதவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன் ஐயா. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், ஒரு பரிசேயனும் (நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கைக்கொள்கிறவன்) ஒரு ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன்) ஜெபிக்க ஆலயத்துக்குப் போகிறார்கள். அந்தப் பரிசேயனும் பொய் சொல்லவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்கிறான். மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டாயமாகக் கேட்டது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள். இவன் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தான். தசமபாகமும் ஒழுங்காகக் கொடுத்தான். நம் சபைகளில் இப்படி ஒருவர் கிடைத்தால் அடுத்த கூட்டத்திலேயே கமிட்டியில் போட்டுவிடுவோம்.

அவன் சறுக்கிய இடம் வேறு. "தேவனே" என்றுதான் ஆரம்பிக்கிறான். அப்புறம் கண் மெல்லப் பின்பக்கம் போகிறது: "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்..." தேவனிடம் பேசிக்கொண்டிருந்தவன் பக்கத்து ஆளை அளக்கத் தொடங்கிவிட்டான். ஆயக்காரனோ யாரையும் பார்க்கவில்லை. "நான் இந்தப் பரிசேயனைவிட மோசம்" என்றுகூடச் சொல்லவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்பதோடு முடித்துக்கொண்டான்.

இந்த உவமையைக் கேட்டு வளர்ந்த திருச்சபை அடுத்து என்ன செய்தது தெரியுமா? டிடாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ நூலில் ஒரு கட்டளை இருக்கிறது. மாயக்காரர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் அவர்களைப்போல் இருக்க வேண்டாம். நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார் இந்த விஷயத்தில் கொஞ்சம் உஷார். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக்கு ஆயத்தப்படும் வாரங்களில் முதல் ஞாயிறை இந்தப் பரிசேயன்–ஆயக்காரன் உவமைக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அதை அடுத்து வரும் வாரத்தில் வழக்கமான புதன், வெள்ளி உபவாசமும் கிடையாது. உபவாசத்தையே காட்டிப் பெருமைப்பட்டவனைப் பற்றிக் கேட்ட கையோடு யாரும் அதே காரியத்தில் இறங்கிவிடக்கூடாதே!

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த பட்டியல் முழுவதும் நீங்கள் செய்யாத தப்புகள். "நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்" என்று யாக்கோபு வேறொரு பட்டியலையும் கேட்கிறார். நீங்கள் ஆசிரியர். கடைசி வரிசையில் உங்களுக்குப் பிடிக்காத ஒரு பையன் உட்கார்ந்திருப்பானே, அவனுக்குச் சேர வேண்டிய கவனம் சேர்ந்ததா? அடுத்த முறை பாவ அறிக்கை சொல்லும்போது அந்த ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்கிற உணர்வு வராது.

கேள்வி: எல்லாப் பாவமும் தேவனுடைய பார்வையில் சமம்தானே? யாக்கோபு 2:10 அப்படித்தானே சொல்கிறது?

பதில்: சமம் இல்லை. ஒன்றிலே தவறினவன் "எல்லாவற்றிலும் குற்றவாளியாயிருப்பான்" என்பது நியாயப்பிரமாணத்தை உடைத்தவன் உடைத்தவன்தான் என்கிற வாதம். கொலையும் பொறாமையும் ஒரே எடை என்று அங்கே யாக்கோபு சொல்லவில்லை. இயேசுவே பிலாத்துவிடம், தம்மை ஒப்புக்கொடுத்தவனுக்கு "அதிக பாவமுண்டு" என்கிறார். தம் அற்புதங்களைக் காணாத தீருவுக்கும் சீதோனுக்கும் நேரிடுவது, கண்டும் மனந்திரும்பாத கோராசீன் ஊருக்கு நேரிடுவதைப் பார்க்கிலும் இலகுவாயிருக்கும் என்கிறார். பாவத்தில் ஏற்றத்தாழ்வு இல்லையென்றால் இந்த வசனங்களுக்கு அர்த்தமே இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரிக்கிறது. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மனமொத்துச் செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். புராட்டஸ்டண்டுகள் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. ஆனாலும் 1647-ல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, சில பாவங்கள் மற்றவற்றைவிடக் கொடியவை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக "எல்லாம் சமம்" என்பது நம் பிரசங்கங்களில் எப்படியோ நுழைந்துவிட்ட வாசகம்.

அதை யார் அதிகம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு சபையில் காணிக்கைப் பணத்தில் கைவைத்தவர் பிடிபட்டபோது நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். முதலில் எழுந்து பேசியவர், "நாம எல்லாருமே பாவிகள்தானே" என்றார். கேட்க எவ்வளவு தாழ்மையாக இருக்கிறது! அவ்வளவுதான், கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. எல்லாருக்கும் கிருபை தேவை என்பது உண்மை. எல்லாரும் செய்த சேதம் ஒன்று என்பது உண்மையில்லை.

கேள்வி: என் அண்ணன் பல வருஷம் வீட்டுப்பக்கமே வரவில்லை. அதற்கு முன் அம்மாவிடம் நைசாகப் பேசி, அவர்கள் பெயரில் இருந்த சேமிப்பையும் என் கல்யாணத்துக்கு வைத்திருந்ததையும் எடுத்துப்போய் அழித்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தான். இப்போது அவர் மனந்திரும்பிவிட்டார். மேடை மேடையாகச் சாட்சி சொல்கிறார், எல்லாரும் அழுது கைதட்டுகிறார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு எரிகிறது. "மூத்த குமாரனைப்போல இருக்காதே" என்று எங்கள் போதகர் சொன்னார். நான் செய்வது பாவமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த முறை அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுகிற பதில் மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரு பணம். அந்த உவமையில் எனக்குப் பிடித்த விஷயம் கூலி கொடுத்த வரிசை. முந்தி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசின கூலி கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒரு முறுமுறுப்பும் இருந்திருக்காது. எஜமானனோ "பிந்தி வந்தவர்கள் தொடங்கி" கொடு என்கிறான். முந்தினவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. அடுத்தவன் கையைப் பார்த்த பிறகுதான் தங்கள் கூலி சிறுத்துப்போனது.

ஆனால் இது உங்கள் கதை இல்லை. உங்களிடம் இதைச் சொல்லி "பொறாமைப்படாதே" என்று முடிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் வந்த அந்த வேலையாட்கள் காலையில் வந்தவர்களின் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. உங்கள் அண்ணன் எடுத்திருக்கிறார். நீங்கள் அவருக்குக் கிடைத்த கிருபையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்களா, உங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்று கொதிக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் எனக்குத் தெரிகிறது. அது பாவமில்லை.

மூத்த குமாரனைப் பற்றிச் சொன்னாரே உங்கள் போதகர், அந்தக் கெட்ட குமாரன் கதையையும் (லூக்கா 15) ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். இளைய மகன் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்புகிறான், மூத்தவன் வீட்டிலேயே உழைத்தவன். ஆரம்பத்திலேயே தகப்பன் ஆஸ்தியை "அவர்களுக்கு" பங்கிட்டுக் கொடுத்துவிட்டான். இளையவன் திரும்பி வந்தபோது அவனுக்கு வஸ்திரம் கிடைத்தது, மோதிரம் கிடைத்தது, விருந்து கிடைத்தது. அழித்த பங்கு திரும்பக் கிடைத்ததாக எங்கேயும் இல்லை. "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பன் சொல்வது மூத்தவனிடம். இன்னொன்றையும் பாருங்கள். இளையவனைக் கட்டிக்கொள்ள ஓடின அதே தகப்பன், கோபித்துக்கொண்டு வெளியே நின்றவனைத் தேடியும் "வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்". விருந்தின் நடுவில், விருந்தாளிகளை விட்டுவிட்டு வருகிறான். மூத்தவன் மரியாதையில்லாமல்தான் பேசுகிறான். தகப்பன் அதட்டவில்லை, "மகனே" என்கிறான். அப்புறம் அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவே இல்லை. பிரசங்கிகள்தான் அவனைக் கெட்டவனாக்கி முடித்துவைக்கிறார்கள். எனக்கு அவன்மேல் எப்போதும் கொஞ்சம் பரிவு உண்டு.

உங்கள் அண்ணன் படிக்க வேண்டிய பகுதி வேறு. லூக்கா 19, ஆயக்காரருக்குத் தலைவனான சகேயு. மோசடி செய்தவன் தானாக வந்து ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், லேவியராகமம் கேட்பது அவ்வளவுதான். சகேயு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். இயேசு அவனிடம் பணத்தைப் பற்றி எதுவும் கேட்டதாக எழுதப்படவில்லை. இவன் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறேன் என்று மட்டும் சொன்னார். கிருபை வீட்டுக்குள் வந்தது, உடனே கணக்கு நோட்டு வெளியே வந்தது. சகேயு அதைக் கூட்டத்தின் நடுவே நின்று சொன்னான் என்பதும் உண்மைதான், ஆனால் அவன் சொன்னது தான் எவ்வளவு கெட்டவனாக இருந்தேன் என்ற கதையல்ல, யாருக்கு எவ்வளவு தருவேன் என்ற கணக்கு.

அதனால் நீங்கள் அண்ணனிடம் பணத்தைப் பற்றிப் பேசலாம். அது கிருபைக்கு விரோதமில்லை. மத்தேயு 18:15 சொல்கிறபடி, மேடையில்லாமல், சொந்தக்காரர்கள் இல்லாமல், நீங்களும் அவரும் மட்டுமாக. என்ன எடுத்தார், எப்போது எடுத்தார் என்று நேராகச் சொல்லுங்கள். அம்மாவின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்பதையும் சொல்லுங்கள், அதை அவர் யாரிடமிருந்தும் கேட்டிருக்க மாட்டார். திருப்பித் தர அவரிடம் இப்போது ஒன்றும் இல்லாமலிருக்கலாம். தர முடியாதவரும் "எடுத்தேன்" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும்.

அவருக்கும் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டியிருக்கும். "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதின ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1748-ல் கடும் புயலில் கப்பல் மூழ்கும் நிலைக்கு வந்தபோது தேவனைக் கூப்பிட்டவர். அதன்பிறகும் அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பல்களில் வேலை பார்த்தார், கேப்டனாகவும் இருந்தார். 1754-ல் கடலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். அந்த வியாபாரத்தின் கொடுமையை அறிக்கையிட்டு அவர் சிறுநூல் வெளியிட்டது 1788-ல். முதல் ஜெபத்துக்கும் அதற்கும் நடுவில் 40 வருஷம். உங்களை 40 வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை அம்மா! மனந்திரும்பினேன் என்று சொல்கிற நாளில் ஒருவர் பார்க்காத பாதி பின்னால் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பாதியைக் காட்டக்கூடிய ஆள் இப்போதைக்கு நீங்கள் ஒருவர்தான்.

மேடைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற சபையாருக்கும் ஒரு வார்த்தை: கூப்பிடுவதற்கு முன் அவர் வீட்டாரிடம் ஒரு தரம் பேசிவிட்டுக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு பாவம் செய்தாலும் கிருபை மன்னிக்கும் என்றால், பிறகு ஏன் கஷ்டப்பட்டு ஒழுங்காக வாழ வேண்டும்?
– கல்லூரி மாணவர்

பதில்: பவுல் காலத்திலேயே இதைக் கேட்டுவிட்டார்கள் தம்பி. ரோமர் 6-ல் "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று அவரே எழுப்பி, "கூடாதே" என்று அவரே அடித்துவிடுகிறார். ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் 1937-ல் இதற்கு "மலிவான கிருபை" என்று பெயர் வைத்தார், மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு என்று விளக்கினார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மலிவில்லாதது என்னவென்று தெரிந்துகொண்டு எழுதியவர்.

பொதுவாகக் கேட்கிறீர்களா, இல்லை ஏதோ ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்களா? இரண்டாவது என்றால் பதில்: வேண்டாம்.

கேள்வி: நானும் என் நண்பனும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தோம். அவன் இப்போது வாலிபர் கூட்டத்தை நடத்துகிறான், அவன் ஜெபித்தால் எல்லாரும் அசைந்துபோகிறார்கள். நான் அதே பழைய பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எனக்கென்று இருந்த கிருபை தீர்ந்துவிட்டதா?

பதில்: தீரவில்லை தம்பி. நீங்கள் செய்வதும் ஒப்பீடுதான், அண்ணாந்து பார்த்துச் செய்கிற ஒப்பீடு. இதைத் தாழ்மை என்று நினைத்துக்கொள்வதால் யாரும் கண்டிப்பதில்லை.

பழைய திருச்சபையின் பெரிய ஆயரான அகஸ்டின் தன் 16-ஆம் வயதைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். கூட்டாளிகள் தாங்கள் செய்த அசிங்கங்களைப் பெருமையாகச் சொல்வார்களாம். தான் அவர்கள் அளவுக்குக் கெட்டுப்போகவில்லையே என்று இவருக்கு வெட்கமாக இருக்குமாம். அதனால் செய்யாததையும் செய்ததாகச் சொல்லிவிடுவாராம். அந்தக் கூட்டத்தோடுதான் ஒரு ராத்திரி பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடி, பெரும்பகுதியைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுதுகிறார். பாவிகள் நடுவில் நல்லவனாக இருக்க வெட்கம், பரிசுத்தவான்கள் நடுவில் பாவியாக இருக்க வெட்கம். இரண்டு இடத்திலும் வாய் பொய் சொல்லும். நீங்கள் இப்போது வாலிபர் கூட்டத்தில் எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் உள்பக்கம் உங்களுக்குத் தெரியும். நண்பனின் வெளிப்பக்கம்தான் உங்களுக்குத் தெரியும். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் மோசே என்றொரு துறவி இருந்தார், முன்னாள் கொள்ளைக்காரர். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கக் கூடியபோது இவரையும் அழைத்தார்கள். ஒழுகுகிற குடத்தில் தண்ணீரைச் சுமந்துகொண்டு போனார். என்ன இது என்று கேட்டதற்கு, என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரிவதில்லை, நான் இன்னொருவனை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார். அந்தச் சகோதரனை மன்னித்து அனுப்பிவிட்டார்கள். உங்கள் நண்பன் குடமும் ஒழுகும். அவனைப் பற்றித் தப்பாக நினைப்பதற்காகச் சொல்லவில்லை, அவனுக்கும் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பேதுரு மூன்று தரம் மறுதலித்தவன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனைச் சேர்த்துக்கொண்டு, "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று பொறுப்பும் கொடுக்கிறார். உடனே திரும்பி யோவானைப் பார்த்து, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்கிறான்! பதில்: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றி வா."

அந்தப் பழைய பாவத்தை இந்த வாரத்துக்குள் ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் காக்கிற, வயதில் மூத்த ஒருவராகப் பாருங்கள். அது விட முடியாத பழக்கமாகிவிட்டது என்றால் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: கிருபையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் நாமா, கத்தோலிக்கரா?

பதில்: "நாமா" என்று ஆரம்பிக்கும்போதே தெரிகிறது! புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1517-ல் கிளப்பிய கேள்விக்குக் கத்தோலிக்கத் திருச்சபை, ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில் 1547-ல் பதில் சொன்னது. இரண்டு பக்கமும் சபித்துக்கொண்டார்கள். பிறகு 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலை விசுவாசிப்பதால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பழைய சாபத்தை இன்னும் மேடையில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

கேள்வி: கொலைகாரன் கடைசி நேரத்தில் மனந்திரும்பினால் அவனும் பரலோகத்தில் இருப்பானா? அவன் பக்கத்தில் நான் எப்படி உட்காருவது?

பதில்: இருப்பான். தாவீது இருப்பார், உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்தவர். பவுல் இருப்பார், ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவர். ஸ்தேவானும் அங்கேதான் இருப்பார். இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதாயிருந்தால், அவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.